கோலிக்குண்டுச் சத்தம்

மூவாருக்குப் போய்விடுவது என்று இன்பராணி முடிவெடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. பையும் கட்டியாகிவிட்டது. நான்கு பஞ்சாபி சூட், மூன்று நைட்டி, செபமாலை, இனிப்புநீர் நோய்க்கான மாத்திரை. தங்கச்சி வீட்டில் ஒரு மாதம் இருக்கலாம், இரண்டு மாதமும் இருக்கலாம். திரும்பி வரத் தோன்றினால் வரலாம், தோன்றாவிட்டால் அதை அங்கே போய் யோசித்துக்கொள்ளலாம். மகள் கிறிஸ்டினுக்கு ஞாயிற்றுக்கிழமை பெக்கோக்கில் மோட்டோகிராஸ் பைக் பந்தயம் இருந்தது. அது முடியட்டும் என்றுதான் பை கட்டிலுக்கு அடியில் காத்துக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் பெர்னார்ட் குடிக்கிற மனிதர் இல்லை. கை நீட்டியதில்லை. வேறு பெண் பக்கம் தலையைத் திருப்புகிற ஆளும் இல்லை. அந்தத் தலை டூ ஸ்ட்ரோக் என்ஜின் பக்கம் திரும்பி அப்படியே நின்றுபோய் இருபது வருடம் ஆகிறது. அதையெல்லாம் இன்பராணி என்றைக்கோ மன்னித்துவிட்டாள். அவளால் மன்னிக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். ஓராண்டாக அவர் அவளுக்குப் பதில் சொல்வதில்லை.

சமையலறையிலிருந்து, "சோறு போடட்டுமா?" என்று கேட்பாள். முன்னறையில் உட்கார்ந்திருப்பவர் அசைய மாட்டார். பக்கத்து வீட்டுக் கோழிகூட அவள் குரலுக்குத் தலையைத் தூக்கிப் பார்க்கும். கிட்டே போய் முகத்துக்கு நேராக நின்று இரண்டாம் தடவை கேட்டால், தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் மாதிரி, "ஆங், போடு" என்பார். இருபத்தாறு வருடம் குடித்தனம் செய்தவளை எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்க வைப்பதற்கு என்ன பெயர்? அலட்சியம். இன்பராணிக்கு வேறு பெயர் தெரியவில்லை.

டிவியை வேறு அலறவிடுவார். அவள் பேச்சு காதில் விழக்கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஈஸ்டர் பூசை. கோவில் பாடகர் குழுவில் அவள் பத்து வருடமாகக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடியவள். இந்த வருடம்தான் பாதர் அவளைத் தனியாக ஒரு சங்கீதம் பாடச் சொன்னார். இரண்டு மாதம் குளியலறையில் பாடிப் பழகினாள். பூசை முடிந்ததும் சிம்பாங் ரெங்கம் கோவில் வாசலில் நின்ற கிழவிகள்கூட அவள் கையைப் பிடித்துக் கண் கலங்கினார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பெர்னார்ட் வாயைத் திறந்தார். "இன்னைக்கு ஃபேன் ஒன்னும் சரியா ஓடல, ஒரே புழுக்கம்" என்றார். அன்று மத்தியானம் இன்பராணி வேண்டுமென்றே மீன் குழம்புக்கு உப்புப் போடவில்லை. அதையும் அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

அதற்குப் பிறகு அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பேசாமல் இருப்பதற்கு மூவார் தோதான இடம் என்று தோன்ற ஆரம்பித்தது.

சனிக்கிழமை மத்தியானம் பெர்னார்ட் போர்ச்சில் பைக்கோடு உட்கார்ந்திருந்தார். நூற்றிருபத்தைந்து சிசி டூ ஸ்ட்ரோக். கிறிஸ்டினுக்கு இருபத்துமூன்று வயது, வேலை சிங்கப்பூரில், உயிர் இந்த பைக்கில். மகள் ஓட்டுவாள், அப்பா செட் பண்ணுவார். போன மாதம் குளுவாங்கில் ஒரு பட்டறையில் என்ஜினின் தலையைக் கொஞ்சம் சீவிவிட்டு வந்திருந்தார். உள்ளே அமுக்கமும் அதனால் இழுவையும் கூடியிருந்தன. இப்போது அவருக்கு இருந்த கேள்வி, பந்தயத்துக்கு எந்தப் பெட்ரோல் எண்ணெயை ஊற்றுவது என்பதுதான். ஆக்டேன் தொண்ணூற்றைந்தா, தொண்ணூற்றேழா?

"நெம்பர் கூடினா சக்தி கூடும்னு நெனைக்காத" என்று மகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததை இன்பராணி பலதடவை கேட்டிருக்கிறாள். "கூடறது பொறும. உள்ள போட்டு அமுக்கினாலும் பொறி வர்ற வரைக்கும் பத்திக்காம இருக்கும். பொறும இல்லாத எண்ண முந்திக்கிட்டு வெடிக்கும். பிஸ்டன் தலையில ஆணி அடிக்கிற மாதிரி. அப்புறம் அது ஒரு நேரம் உருகி, சிலிண்டரோட ஒட்டிக்கும்."

ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவர் மகளிடம் சொல்லவில்லை. பைக் ஆகாயத்தில் இருக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், இறங்கும்போது ஆளைத் தூக்கி எறியும். இன்பராணிக்கு அது தெரியும்.

இரண்டு கேன் வைத்திருந்தார். நீலத்தில் தொண்ணூற்றேழு, சிவப்பில் தொண்ணூற்றைந்து. இந்த வகை என்ஜினுக்குப் பெட்ரோலோடு டூ டி என்ற மசகு எண்ணெயைக் கலந்துதான் ஊற்றவேண்டும். ஐந்து லிட்டருக்கு நூற்றைம்பது மில்லி. அதை அளக்க அவர் வைத்திருந்தது கிறிஸ்டின் குழந்தையாக இருந்தபோது பால் குடித்த புட்டி. கோடு அழிந்த இடத்தில் ஆணியால் கீறி வைத்திருந்தார். புட்டியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுவிடாமல் அளப்பார். அதே புட்டியில் அதே மாதிரி பால் பவுடருக்கு வெந்நீர் அளந்த ஆளையும் இன்பராணிக்கு ஞாபகம் இருந்தது. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

"ராணி, கொஞ்சம் கூட வர்றியா?" என்றார். "கிறிஸ்டின் வர சாயங்காலம் ஆயிரும். பிளக் டின்ன புடிச்சிக்க ஒரு ஆளு வேணும்."

நல்லதுதான் என்று நினைத்தாள். வழியிலேயே சொல்லிவிடலாம்.

பழைய வேனின் பின்னால் பைக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் வேன் இறங்கியதும், இன்பராணி கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே, மூன்று நாளாகத் தயாராக வைத்திருந்ததைச் சொன்னாள்.

"நாளைக்கு ரேஸ் முடிஞ்சதும் நான் மூவாருக்குப் போறேன். தங்கச்சி வீட்டுல இருக்கப் போறேன். எப்ப வருவேன்னு தெரியாது."

வேன் இரண்டு பள்ளத்தில் ஏறி இறங்கியது. பெர்னார்ட் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆமா ஆமா" என்றார். "மழ வரும் போலத்தான் இருக்கு. அதுக்குள்ள முடிச்சிரலாம்."

வானத்தின் ஒரு மூலையில் கைக்குட்டை அளவுக்கு ஒரு மேகம் இருந்தது. இன்பராணி அந்த மேகத்தைப் பார்த்தாள். சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். இதற்கு மேல் ஒரு மனுஷி என்னதான் சொல்வாள்.

பாதை ஓர் இடத்தில் நீண்ட மேடாக ஏறும். பெர்னார்ட் அங்கேதான் என்ஜினைச் சோதிப்பார். கீழேயிருந்து மூன்றாவது கியரிலேயே, கைப்பிடித் திராட்டிலை முழுக்கத் திருகி, என்ஜினைத் திணறவிட்டு ஏற்றவேண்டும். அதற்கு ஏதாவது நோய் இருந்தால் அந்த மேட்டில் சொல்லிவிடும். மேட்டின் பாதியில், பிளக்கும் சாவியும் போட்ட டின்னை மடியில் வைத்துக்கொண்டு, இன்பராணி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள்.

முதலில் நீலக் கேன். சத்தமாக ஏறினார், இறங்கினார். "பரவால்ல, ஆனா கொஞ்சம் சோம்பல்" என்றார். டாங்கிலும் கார்புரேட்டரிலும் இருந்ததை வடித்துவிட்டு சிவப்புக் கேனை ஊற்றினார். ஏறினார். உச்சியில் என்ஜினை அணைத்துவிட்டு, சறுக்கிக்கொண்டு அவளிடம் வரும்போது முகம் பூரித்திருந்தது.

"பாத்தியா? எப்படி இழுக்குது! தொண்ணூத்தஞ்சுதான். நாளைக்கு இதுதான்."

இன்பராணி பதில் சொல்வதில்லை என்றுதான் இருந்தாள். ஆனால் பிள்ளை உட்காரப்போகிற வண்டி.

எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். "ஒரு சத்தம் கேக்குது" என்றாள். "தகர டப்பாவுல கோலிக்குண்டப் போட்டு ஆட்டற மாதிரி."

"என்ன சத்தம்?"

"மேட்டுல ஏறும்போது. கிலுகிலுன்னு. மொத தடவ இல்ல. இப்பத்தான்."

பெர்னார்ட் சிரித்தார். "அலமாக், ராணி! மேல உக்காந்திருக்கறவன் நானு. எனக்குக் கேக்காதது மரத்தடியில இருக்கற உனக்குக் கேக்குதா?"

"சரி, ஒங்களுக்குத்தான் எல்லாம் கேக்கும்" என்றாள் அவள். "இன்னொரு தடவ ஏறுங்க."

ஏறினார். கோலிக்குண்டு உருண்டது. இருபது வருடம் போர்ச்சில் இந்த என்ஜின்கள் போட்ட கூச்சலைச் சமைத்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் கேட்டவள் அவள். எது பசியில் கத்துகிறது, எது வலியில் கத்துகிறது என்று தெரியாதா? அவர் இறங்கி வந்ததும், "இருக்கு" என்றாள் ஒரே வார்த்தையில்.

பெர்னார்ட் முகம் சுருங்கிப்போயிற்று. டின்னை வாங்கி, என்ஜினில் பொறி தரும் பிளக்கைக் கழற்றினார். நிறம் அழகாக, வறுத்த காப்பிக்கொட்டை போல இருந்தது. "பாரு, ஒரு கொறையும் இல்ல" என்று அவளிடம் நீட்டினார். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இன்பராணி கைத்தொலைபேசியின் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பிளக் நுனிப் பீங்கான்மேல் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது.

"இது என்னங்க, ஜிகினா மாதிரி?"

அவர் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு, கையை நீட்டியும் மடக்கியும் பார்த்தார். அவள் விளக்கை இன்னும் கிட்டே பிடித்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கோழி முட்டையில் கோடு விழுவது மாதிரி அவர் முகத்தில் ஏதோ விழுந்தது.

"அலுமினியம்" என்றார் மெதுவாக. "பிஸ்டன் தல. உருக ஆரம்பிச்சிருக்கு." பிறகு அவளைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு, பைக் பக்கத்தில் குந்தினார். "எனக்குக் கேக்கல" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஒன்னும் கேக்கல."

இன்பராணி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கடி தள்ளி நின்றபடி, சாதாரணக் குரலில், "ஏங்க" என்றாள்.

அவர் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, காலுக்கிட்ட பாம்பு."

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதர். பாம்பு என்று சொன்னால் தூக்கத்திலேயே கட்டில்மேல் ஏறி நிற்பவர். ஒரு விரல்கூட அசையவில்லை. துடைத்த பிளக்கை மறுபடியும் துடைத்தார்.

ஓராண்டும் ஒரே நேரத்தில் அவளிடம் திரும்பி வந்தது. சோறு போடட்டுமா என்று கேட்டது, அலறிய டிவி, ஈஸ்டர் பூசை, வேனில் சொன்ன மழை. அலட்சியம் இல்லை. ஒன்றுகூட அலட்சியம் இல்லை. இந்த மனிதருக்கு உப்பில்லாத குழம்பை வேறு ஊற்றினோமே என்று நினைத்தபோது இன்பராணிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

சுற்றிக்கொண்டு போய் அவர் எதிரே குந்தினாள். "எவ்ளோ நாளா?" என்றாள்.

அவர் நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தார். கிட்டே போய்ப் பேசியபோதெல்லாம் அவர் அங்கேதான் பார்த்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றார். "ஆலையில எல்லாருக்கும் காது சோதன பண்ணாங்க. கனமான சத்தம் கேக்குது, மெல்லிசான கீச்சுச் சத்தம் போயிருச்சுன்னாங்க."

பெர்னார்ட் வேலை செய்வது செம்பனை எண்ணெய் ஆலையின் மெஷின் அறையில். காதை மூடும் கவசம் கொடுத்திருக்கிறார்கள். அது இருபத்தேழு வருடமாக அவர் கழுத்தில்தான் தொங்கியது. காதை மூடிவிட்டால் மெஷின் என்ன சொல்கிறது என்று எப்படித் தெரியும் என்பார். எங்கே எந்த பேரிங் தேய்ந்தாலும் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். மேனேஜரே தோளில் தட்டிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பெருமைக்காகக் காதைத் திறந்து வைத்துக் காதையே தொலைத்துவிட்டு வந்திருந்தார்.

"லோரி வந்தா கேக்குது. இடி கேக்குது. இந்த பைக்கும் முக்காவாசி கேக்குது" என்றார். "கோலிக்குண்டுதான் கேக்கல."

"என் குரலு?"

அவர் பிளக்கைக் கீழே வைத்தார். "அதுதான் மொதல்ல போச்சு, ராணி."

"ஈஸ்டருக்குப் பாடினேனே."

"ஆர்கன் கேட்டுச்சு. ஒன் வாய் அசைஞ்சத பாத்தேன். கோயில்ல எல்லாரும் ஒன்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நல்லாப் பாடுறேன்னு புரிஞ்சுது." அழுக்குத் துணியைச் சுருட்டினார், பிரித்தார். "கேக்காமயே நல்லாப் பாடினேன்னு பொய் சொல்ல வாய் வரல. அதான் ஃபேனப் பத்திப் பேசினேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"காது போனவன் செட் பண்ண வண்டியில ஒம் பிள்ளய ஏத்தி விடுவியா நீ?"

ஏற்றிவிட மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"மக என் காத நம்பித்தான் திராட்டிலத் திருகுறா" என்றார். "நாளைக்கு அந்தச் செவப்புக் கேன ஊத்தியிருப்பேன், ராணி. நானே ஊத்தியிருப்பேன்." இன்பராணி அவர் கையை, எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்திக்கொண்டாள். கடைசியாக எப்போது அப்படிப் பிடித்தாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். அவர் பார்க்கிற மாதிரி, வாயை நன்றாகத் திறந்து, "போதும்" என்றாள். "அத வடிச்சி விடுங்க. புல்லு வெட்டற மெஷினுக்கு ஆவும். நீலத்த ஊத்துங்க. நான் மேட்டுல நிக்கிறேன். கைய தூக்கினா சத்தம் இருக்குன்னு அர்த்தம்."

"ஒனக்கு அவ்ளோ பொறும இருக்கா?"

"ஒரு வருஷமா பதிலே வராம பேசிக்கிட்டு இருந்தேன். எனக்கு இருக்கற பொறுமைக்குத் தொண்ணூத்தேழுகூட பத்தாது. நீங்க ஏறுங்க."

அவர் சிரித்தார். அவ்வளவும் கேட்டதா, பாதி வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டாரா தெரியாது.

புதிய பிளக் போட்டு, நீலக் கேனோடு நான்கு தடவை ஏறினார். இன்பராணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இத்தனை வருடத்தில் அந்த என்ஜினை அவள் திட்டாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. அடித்தொண்டையில் ஆரம்பித்து, மேட்டின் நடுவில் குரல் உயர்ந்து, உச்சியில் ஒரே சீராக நின்றது. எங்கேயும் கோலிக்குண்டு இல்லை. ஒரே ஒரு தடவை கையைத் தூக்கினாள். பதறி நிறுத்தினார். ஏதோ கிளிக்கென்றது என்றாள். "அது செயினு லா" என்றார் அவர். இருவரும் நன்றாகச் சிரித்துவிட்டார்கள். புதிய பிளக்கைக் கழற்றி அவள்தான் விளக்கடித்துப் பார்த்தாள். ஜிகினா இல்லை. கிறிஸ்டினுக்கு இன்னும் கொஞ்சம் பத்திரம் இருக்கட்டும் என்று, கார்புரேட்டரில் பெட்ரோல் கூடுதலாக வந்து சூட்டைத் தணிக்கிற பெரிய ஜெட் ஒன்றையும் மாட்டினார்.

சாயங்காலம் கிறிஸ்டின் வந்ததும் அவர் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். காது, அலுமினியப் பொடி, சிவப்புக் கேன், எல்லாவற்றையும். பிஸ்டனைக் கழற்றிப் பார்த்து, பொடி வந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பதைக் காட்டினார். "இப்பவும் ஓட்டுவியா?" என்று கேட்டுவிட்டு, மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கிறிஸ்டின் அப்பாவையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மம்மி சத்தத்தக் கேட்டுப் பாத்தாங்களா?"

"நாலு தடவ" என்றாள் இன்பராணி.

"அப்ப ஓகே. நாளைக்கு மம்மியும் ஒங்களோட தடத்தோரப் பிட்டுல நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அப்பாவைக் கழுத்தோடு கட்டிக்கொண்டாள்.

மறுநாள் பெக்கோக்கில் வெயில் கொளுத்தியது. செம்மண் தூசியில் ஆள் முகம் தெரியவில்லை. முப்பது பைக் ஒரே நேரத்தில் சீறியதில் எல்லோர் காதும் கொஞ்ச நேரத்துக்குப் பெர்னார்ட் காது மாதிரிதான் ஆகியிருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கிறிஸ்டின் அந்தப் பெரிய மேட்டிலிருந்து பறந்து அவர்களைத் தாண்டியபோது, இன்பராணி மற்ற சத்தத்தையெல்லாம் தள்ளிவிட்டு அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். பெர்னார்ட் பைக்கைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினால்தான் அவர் மூச்சுவிட்டார். எட்டுச் சுற்றுக்கும் எட்டு மூச்சு.

கிறிஸ்டின் நான்காவதாக வந்தாள். கோப்பை இல்லை. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, தூரத்திலிருந்தே அம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

பைக்கை வேனில் கட்டும்போது பெர்னார்ட் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். "ராணி, நேத்து வேன்ல வரும்போது ஏதோ சொன்னியே. எனக்குக் கேக்கல. மழன்னு என்னத்தயோ சொல்லிச் சமாளிச்சேன். என்ன சொன்ன?"

இன்பராணி அவரைப் பார்த்தாள். தூசியில் புருவம் சிவந்துபோய், பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பை ஞாபகம் வந்தது. அதில் இனிப்புநீர் மாத்திரை இருக்கிறது, வீட்டுக்குப் போனதும் வெளியே எடுக்கவேண்டும்.

கிட்டே போய், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"மழ வருமான்னு கேட்டேன்."

பெர்னார்ட் நிமிர்ந்து மேகமே இல்லாத வானத்தைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? அப்ப நான் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கேன்."

"ஆமாங்க" என்றாள் இன்பராணி. "சரியாத்தான் சொன்னீங்க."